நிலாவின் வயது: எதிலிருந்து எண்ணுவது?

நிலாவிலிருந்து வந்த ஒரு கல்லுக்கு வயது 390 கோடி ஆண்டுகள் என்று எங்காவது படித்தால், உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும். எதிலிருந்து 390 கோடி? கல்லில் இருக்கும் அணுக்கள் அதற்கும் முன்பே இருந்தவை. கல்லின் வயது என்பது, அது கடைசியாக உருகி இறுகியதிலிருந்து எண்ணுவது. நிலாவின் வயது பற்றிய சண்டைகளில் பாதி இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

சரி, எப்படி எண்ணுகிறார்கள்? யுரேனியம்-238 அணுக்கள் மெல்ல மெல்லச் சிதைந்து கடைசியில் காரீயம்-206 ஆகின்றன. இருப்பதில் பாதி சிதைய சுமார் 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும். பாறைக்குள் இருக்கும் சூடோ அழுத்தமோ அந்த வேகத்தை மாற்றுவதில்லை. இங்கேதான் சிர்க்கான் என்ற குட்டிப் படிகம் உதவிக்கு வருகிறது. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், காரீயத்தை அநேகமாக வெளியே தள்ளிவிடும். ஆகவே இன்று அதற்குள் இருக்கும் காரீயம் ஏறக்குறைய எல்லாம் அங்கேயே பிறந்தது. யுரேனியமும் அந்தக் காரீயமும் சம எண்ணிக்கையில் இருந்தால், படிகத்துக்கு வயது 447 கோடி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அதே படிகத்தில் இரண்டாவது கடிகாரமும் ஓடுகிறது என்பதுதான். யுரேனியத்தின் இன்னொரு வகையான யுரேனியம்-235 வேகமாகச் சிதையும்; பாதியாக 70 கோடி ஆண்டுகள் போதும். அது காரீயம்-207 ஆகும். இரண்டு கடிகாரமும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால், நடுவில் ஏதோ மோதலோ சூடோ காரீயத்தைக் கசிய விட்டிருக்கிறது என்று பொருள்.

விண்கற்களில் உள்ள காரீயத்தை அளந்துதான் 1956இல் அமெரிக்க அறிவியலாளர் கிளேர் பேட்டர்சன் பூமிக்கு 455 கோடி வயது என்றார். விண்கற்களுக்குள் கிடைக்கும் மிகப் பழைய துணுக்குகள் 456.7 கோடி ஆண்டுகள் பழையவை. சூரியனிலிருந்து கல் எடுத்து வர முடியாது. அதன் வயதுக்கும் இந்தத் துணுக்குகளே முக்கியச் சாட்சி.

நிலா மட்டும் பிடி கொடுக்க மறுக்கிறது. செவ்வாய் அளவிலான ஒரு கோள் இளம் பூமியின்மீது மோதி, சிதறியவை சேர்ந்து நிலா ஆனது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆனால் நிலாவின் பழைய மேலோட்டுப் பாறைகளில் பலவற்றின் வயது 435 கோடி ஆண்டு வாக்கில் வந்து குவிகிறது. அமெரிக்காவின் அப்பல்லோ 14 நிலவுப் பயணம் கொண்டுவந்த சிர்க்கான்களை ஆராய்ந்த ஒரு குழுவோ, நிலா 451 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது என்கிறது. இடையில் 16 கோடி ஆண்டுகள்! 2024இல் ஒரு விளக்கம் வந்தது: நிலா பூமியைவிட்டு விலகிப் போகும்போது, பூமியின் ஈர்ப்பு அதைப் பிசைந்து சூடேற்றியதில் பெரும்பகுதி மறுபடி உருகியது, பாறைக் கடிகாரங்கள் அப்போது புதிதாக ஓடத் தொடங்கின. உருக்கத்தில் தப்பிய சில சிர்க்கான்களே பழைய வயதைச் சொல்கின்றன. நம்பத் தகுந்ததாகத்தான் இருக்கிறது, ஆனால் கைவசம் இருக்கும் அத்தகைய படிகங்கள் கொஞ்சம்தான்.

கல் கைக்கு வராத இடங்களில், விண்கற்கள் மோதி உண்டான பள்ளங்களை எண்ணுகிறார்கள். தரை எவ்வளவு பழையதோ, அவ்வளவு அடி வாங்கியிருக்கும். எத்தனை பள்ளத்துக்கு எத்தனை ஆண்டு என்ற கணக்கு, அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லிலும் மண்ணிலுமிருந்து முக்கியமாக வந்தது. செவ்வாயிலும் புதனிலும் ஒரு சமவெளிக்கு வயது சொல்கிறார்கள் என்றால், நிலாவின் கணக்கை அந்தந்த இடத்துக்கு ஏற்ப மாற்றித்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 300 கோடிக்கும் 100 கோடிக்கும் இடைப்பட்ட வயதில் நம்பிச் சரிபார்க்கக் கல்லே இல்லை. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்'இ-5 விண்கலம் நிலாவிலிருந்து கொண்டுவந்த 1,731 கிராமில் எரிமலைப் பாறைத் துண்டுகள் இருந்தன. வயது சுமார் 200 கோடி. பள்ளக் கணக்கு பெரிதாகப் பிசகவில்லை. ஆனால் இன்னொரு புதிர் முளைத்தது. நிலா சின்னது, சீக்கிரம் ஆறிப்போயிருக்க வேண்டும். அவ்வளவு பிற்காலத்தில் எரிமலைக் குழம்பு எப்படி வந்தது? கதிரியக்கத் தனிமங்கள் அதிகம் இருந்து சூடேற்றியிருக்கும், அல்லது நீர் கலந்து பாறையின் உருகுநிலையைக் குறைத்திருக்கும் என்று நினைத்தார்கள். அந்தக் குழம்பு பிறந்த ஆழத்தில் இரண்டுமே அதிகம் இல்லை என்று ஆய்வுகள் காட்டின. சுலபமாக உருகும் கனிமங்கள் அங்கே கூடுதலாகச் சேர்ந்திருக்கலாம் என்பது இப்போதைக்கு ஒரு விடை.

அப்புறம் 2024இல் சாங்'இ-6 நிலாவின் மறுபக்கத்திலிருந்து முதன்முறையாகக் கல் கொண்டுவந்தது. அங்கேயும் 280 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடியிருக்கிறது.