கடனா, மானியமா? கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

வியாசர்பாடியில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஓர் அம்மா, போன வாரம் ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து வங்கி நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். படித்துக் காட்ட ஆளில்லாமல் இரண்டு மாதம் அந்த உறையிலேயே கிடந்திருக்கிறது. வாங்கிய 10,000 ரூபாய்க்கு ஒரு தவணைகூடக் கட்டவில்லை. "கார்ப்பரேஷன் கொடுத்த பணம்தானே சார், பேங்க் ஏன் கேட்கிறது?" என்றார். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த தரகர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். சொன்னதற்குக் கூலி 2,000 ரூபாய். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

அவர் வாங்கியது பி.எம். ஸ்வநிதி, அதாவது சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டம். 2020இல் தொடங்கிய நாளிலிருந்தே அது வங்கிக் கடன். பணம் வங்கியுடையது; ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் 7 சதவீத வட்டி மானியம் மத்திய அரசுடையது. மாநகராட்சி செய்வது, நீங்கள் சாலையோர வியாபாரி என்று கணக்கெடுத்து அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ தருவது மட்டும். அதன் கஜானாவிலிருந்து ஒரு பைசா வெளியே போகவில்லை.

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் நான். எனக்கு ஆத்திரம் வருவது ஒரே ஒரு நம்பிக்கையின் மேல்தான்: சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் பெரிய பணமூட்டை ஒன்று இருக்கிறது, கவுன்சிலர் மனம் வைத்தால் அதிலிருந்து அள்ளிக் கொடுக்கலாம் என்பது. அப்படி ஒரு மூட்டை இல்லவே இல்லை. சொத்து வரி, தொழில் வரி, மாநில வரியில் மாநில நிதி ஆணையம் பரிந்துரைக்கும் பங்கு ஆகியவற்றில் சம்பளம், குப்பை, தெருவிளக்கு போக மிஞ்சுவதில்தான் கொஞ்சம் கை நீட்ட இடம் உண்டு. மற்றதெல்லாம் வரும்போதே பெயர் எழுதிக்கொண்டு வருகிறது. கொசஸ்தலையாற்று வடிநிலத்து மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி தந்த கடனில் உங்கள் சுய உதவிக் குழுவுக்குத் தையல் இயந்திரம் வாங்க முடியாது. 2025இல் 200 கோடி ரூபாய்க்கு வெளியிட்ட கடன் பத்திரம் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்கானது; அதை வட்டியோடு திருப்பிக் கட்டுவதும் நாம்தான். ஒரு தலைப்பில் வந்த பணத்தை வேறு தலைப்பில் செலவழித்தால் தணிக்கைத் தடை விழும், அதாவது 'இந்தச் செலவு முறையல்ல' என்று தணிக்கையாளர் எழுதிவைப்பார். பணி ஓய்வு நாளில்கூட அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்த அலுவலர்களைப் பார்த்திருக்கிறேன். அதிகாரி கை விரிக்கும்போதெல்லாம் அது கல்நெஞ்சம் அல்ல. (சில சமயம் கல்நெஞ்சமும்தான்.)

உங்கள் தெருப் பூங்காவையோ நூலகத்தையோ சீரமைக்க 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. செலவு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், குளமென்றால் பாதி. "நாங்கள் ஏன் போட வேண்டும்?" என்று கேட்கிற குடியிருப்போர் சங்கங்களிடம் எனக்குப் பேச்சில்லை.

தொழிலுக்கு மானியம் வேண்டுமென்றால் மாநகராட்சி மண்டல அலுவலக வாசலில் நிற்காதீர்கள். தாட்கோவும் (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசு நிறுவனம்) மாவட்டத் தொழில் மையமும்தான் அதற்கான இடங்கள். அங்கும் மானியம் பெரும்பாலும் வங்கிக் கடனோடு ஒட்டிக்கொண்டேதான் வரும். தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் என்று எவராவது சொன்னால் ரசீது கேளுங்கள். ஆள் அங்கேயே காணாமல் போவார். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒரு முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வார்டுக்குப் பொதுவான கோரிக்கையை, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் எழுத்தில் கொடுங்கள், அதுவும் பட்ஜெட்டுக்கு முன்னால். மார்ச் கடைசி வாரத்தில் வருகிறவர்களுக்கு நாங்கள் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்புவது வழக்கம்.

அந்த அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போனேன். முதல் தவணையைக் கட்டிவிட்டார். மாதம் ஆயிரம் ரூபாய்க்குள்தான். தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் கட்டியிருப்பேன் என்றார். ரசீதும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் போனது. படியிறங்கும்போது தரகரின் எண்ணுக்கு என் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்தோம். அணைத்துவைக்கப்பட்டிருந்தது.