காற்றுக்குப் பயந்து பலாவை வெட்டலாமா? கொழும்பு வளவுகளுக்கான சட்டம்

கொழும்பில் பலத்த காற்று ஓய்ந்த மறுநாள் மரம் வெட்டும் ஆட்களுக்கு ஓய்வே இருக்காது. விழுந்ததை அகற்ற வந்தவர்களைக் கொண்டே, உறுதியாக நிற்கும் மரத்தையும் பலர் வெட்டிவிடுகிறார்கள். பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில், டூப்ளிகேஷன் வீதியால் போன பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்ததை நகரம் மறக்கவில்லை. ஆனாலும் வளவில் நிற்கும் மரத்தை நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாது. எதற்கு அனுமதி வேண்டும், அதை யார் தருவார் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, மரங்களை வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட இதன்படி அனுமதிப்பத்திரம் தேவை. காணி உங்களுடையது, மரத்தை நட்டதும் நீங்கள்தான் என்றாலும் விதி மாறாது. மூன்றுமே பசிக்கு உதவும் மரங்கள். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் வி. டயஸ் பலாக்கன்று நடுவதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். சிங்கள மக்கள் அவரை ‘கொஸ் மாமா’ (பலா மாமா) என்று அழைத்தார்கள். 2022 நெருக்கடியில் அரிசி விலை ஏறியபோது எத்தனையோ வீடுகளில் ஒருவேளைச் சாப்பாடு அவித்த பலாக்காய்தான். இந்தச் சட்டத்தை வெறும் அலுவலகத் தொந்தரவாக என்னால் பார்க்க முடியவில்லை.

அனுமதி கேட்பவர் முதலில் போகவேண்டியது கிராம சேவகரிடம். விண்ணப்பத்தோடு அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகளையும் கொண்டுபோங்கள். காணிக்கு வேறு பங்காளிகள் இருந்தால் அவர்களின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வைப்பது பின்னால் சண்டையைத் தவிர்க்கும். கிராம சேவகரின் அறிக்கை பிரதேச செயலகத்துக்குப் போகும், முடிவு அங்கேதான். வெள்ளவத்தை, கிருலப்பனைப் பக்கத்தவர்களுக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்தவர்களுக்குக் கொழும்பு பிரதேச செயலகம். காரணத்தை எழுதும்போது ‘ஆபத்தானது’ என்று ஒரே சொல்லில் நிறுத்தாதீர்கள். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கூரை எத்தனை அடி தூரத்தில், அடிமரத்தில் பொந்து உண்டா என்று எழுதி, படமும் இணையுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கும். ஒக்டோபர், நவம்பரில் இடியோடு மாலை மழை வரும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலமும் அதுதான். ஆகவே மார்ச்சிலும் செப்டெம்பரிலும் மரத்தைச் சுற்றி ஒருதடவை நடந்து பாருங்கள். அடியில் காளான் முளைத்திருந்தாலோ, ஒருபக்க மண் வெடித்து மேலெழும்பியிருந்தாலோ, சாய்வு புதிதாகத் தெரிந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் காய்ந்த கிளைகளையும் கூரைக்கு மேல் நீண்ட கிளைகளையும் கழித்துவிட்டாலே பெரும்பாலும் போதும். உச்சியை மொட்டையாக வெட்டுவது மட்டும் வேண்டாம். வெட்டிய இடம் உக்கும். அங்கிருந்து கிளைக்கும் புதுக்கிளைகள் பிடிமானம் இல்லாமல் அடுத்த காற்றிலேயே முறியும். மதில் கட்டவும் வாகனம் நிறுத்தவும் வேரை வெட்டிய மரங்கள்தான் எனக்கு அதிகம் பயம் தருபவை.

ஆபத்தான மரம் வீதியில் நின்றால் மாநகர சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிரதான வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதி. அயலவர் வளவு மரம் என்றால் முதலில் நேரில் பேசிப் பாருங்கள், அப்புறம் கிராம சேவகர். அதிலும் சரிவராவிட்டால் பொலிஸ் மூலம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொதுத்தொல்லையை அகற்றக் கட்டளையிடும் அதிகாரத்தை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு நீதவானுக்குக் கொடுக்கிறது. மின்கம்பியில் கிளை தொங்கினால் நீங்களே தடியால் தட்டாதீர்கள். கொழும்பு நகரத்துக்குள் 1987ஐயும், கோட்டே, நுகேகொடை போன்ற லெக்கோ (லங்கா மின்சாரக் கம்பனி) பகுதிகளில் 1910ஐயும் அழையுங்கள்.

சரி, காற்றே பலாவைச் சாய்த்துவிட்டால்? துண்டு போடுவதற்கு முன் வேரோடு கிடக்கும் நிலையைப் படமெடுத்து, கிராம சேவகருக்கு அறிவியுங்கள். வெட்டி வீழ்த்தினீர்கள் என்று பின்னால் யாராவது முறைப்பாடு செய்தால் அதுதான் சான்று. அடிமரத்தை ஆலைக்கு லொறியில் ஏற்ற வேண்டுமானால், மரம் கொண்டுசெல்லும் அனுமதியைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஏற்றாதீர்கள். வீட்டுக்கும் சேதம் என்றால் அதையும் அதே நாளில் பதிவு செய்யுங்கள். நிவாரணத்துக்கான விபரம் கிராம சேவகர் வழியாகத்தான் மேலே போகிறது. அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

அகற்றிய கிளைகளுக்குக் கீழே பார்த்தால் சிரட்டை, உடைந்த பூச்சாடி, தகரப் பேணி எல்லாம் தண்ணீரோடு கிடக்கும். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அவற்றை அகற்றும் கடமையை வீட்டில் குடியிருப்பவர் மீதும் வைக்கிறது. வாடகை வீடு என்று சொல்லித் தப்ப முடியாது. கூரைப் பீலியையும் பாருங்கள், சருகு அடைத்த பீலியில் நுளம்பு நன்றாகப் பெருகும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம்தான் எடுக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

வெள்ளத்தோடு பாம்பும் உடும்பும் வளவுக்குள் வருவது கொழும்பில் இயல்பு. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட ஊர் இது. மலைப்பாம்பும் மீன்பிடிப் பூனையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அடிக்கவோ பிடித்து அடைக்கவோ வேண்டாம். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே எடுத்துவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992ஐ அழையுங்கள். பெரும்பாலும் தண்ணீர் வடிந்ததும் அவை வந்த வழியே போய்விடும்.

இந்த விண்ணப்பங்கள், முறைப்பாடுகள் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடி நாட்களைக் கடத்தாமல் இன்றே எழுதிக் கொடுங்கள்; உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள்.