உளவளத்துணை: சொல்லும் பொருளும்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பிரதேச செயலகத்துக்குப் போனால், பிறப்புச் சான்றிதழுக்கு ஆட்கள் காத்திருக்கும் அதே கட்டடத்தில் ‘உளவளத்துணை’ என்று எழுதிய பலகையைக் காணலாம். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் “இது எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. “கவுன்சிலிங்” என்றால் உடனே தலையாட்டுவார்கள். அதையும் பலர் புத்திமதி சொல்லும் இடம் என்றோ, விசருக்கு மருந்து தரும் இடம் என்றோதான் எடுத்துக்கொள்கிறார்கள். இலங்கையின் கிழக்கில் எத்தனையோ பேர் அந்தக் கதவுவரை வந்து திரும்பிப் போவதற்கு இந்தப் பிழையான விளக்கமும் ஒரு காரணம்.

உளம், வளம், துணை ஆகிய மூன்றும் சேர்ந்த சொல் இது. உளம் என்பது உள்ளம். ‘வளம்’ என்ற சொல்லை யாரோ நன்றாக யோசித்துத்தான் நடுவில் வைத்திருக்கிறார்கள். நோய், குறை, கோளாறு என்று எதுவும் அதில் இல்லை. வருகிறவரின் மனதுக்குள் ஏற்கெனவே பலம் இருக்கிறது, துக்கத்திலும் பயத்திலும் அது கைக்கெட்டாமல் கிடக்கிறது என்ற நம்பிக்கையில் பிறந்த சொல். இனி, துணை. இருட்டில் கிணற்றடிக்குப் போகும் பிள்ளை “துணைக்கு வாங்க அக்கா” என்று கூப்பிடும்போது, அதற்கு வழி தெரியாமல் கூப்பிடவில்லை. கூட நடக்க ஒராள் வேண்டும், அவ்வளவுதான். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்று பெயர் வைத்ததும் இந்தப் பொருளில்தான்.

‘கவுன்சிலிங்’ என்பதற்கு அடியான ‘கவுன்சல்’ (counsel) என்ற ஆங்கிலச் சொல் கலந்தாலோசித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் நம்மவர்கள் முதலில் ‘ஆலோசனை’ என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் ‘மனநல ஆலோசகர்’ இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் தொழில் அந்த வேர்ச்சொல்லைத் தாண்டிப் போய்விட்டது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில், நிபுணர் தீர்வு சொல்லுவதை விட்டுவிட்டு, வந்தவரே தன் வழியைக் காணும்படி கேட்டிருக்க வேண்டும் என்று வாதிட்டார். வருகிறவரை ‘நோயாளி’ என்று அழைப்பதையும் அவர் தவிர்த்தார். நம்மிடம் அதற்கு ‘துணைநாடி’ என்ற சொல் இருக்கிறது, துணையை நாடி வருபவர். எவ்வளவு மரியாதையான சொல்!

சிகிச்சையாளரைக் குறிக்கும் ‘தெரப்பிஸ்ட்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. உடனிருந்து பணி செய்பவர் என்று பொருள். ஹோமரின் இலியட் காவியத்தில் வீரன் அக்கிலீசின் உயிர்த்தோழன் பத்ரொக்கிளசை அந்த வேர்ச்சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். ஆக அங்கும் ‘துணை’தான் அடியில் கிடக்கிறது.

‘ஆற்றுப்படுத்தல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல். பரிசில் பெற்ற பாணன், வறுமையில் வரும் இன்னொரு பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. இங்கே ஆறு என்றால் வழி. ஆனால் அதில் வழி தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். ஒருவரை வைத்தியரிடமோ சட்ட உதவிக்கோ அனுப்பிவைப்பதற்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்வதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

வேலையைக் கிட்டப் பார்த்தால் சொல் இன்னும் நன்றாக விளங்கும். புருஷன் கட்டாரில், கையில் சின்னப் பிள்ளை, இரவில் நித்திரை இல்லை என்று ஒரு பெண் வந்து இருக்கிறாள். வாய் திறந்ததும் அழுகைதான் வருகிறது. “அழுங்க தங்கச்சி, அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு உளவளத்துணையாளர் பேசாமல் இருக்கிறார். “யோசிக்காதீங்க, எல்லாம் சரிவரும்” என்று ஒருபோதும் சொல்வதில்லை. அதை அவளுக்கு வீட்டிலேயே எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

தம்பதியர் வந்தால் முறை வேறு. கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் இருவரிடத்திலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே குடிபோவார். பக்கத்து வளவில் மாமியும் மச்சாள்மாரும். ஆகவே சண்டை இரண்டு பேருக்குள் நிற்பதில்லை. “அந்த வீட்டில நான் விருந்தாளி மாதிரி” என்கிறார் கணவர். மனைவிக்கு அது “என்ட அம்மாவக் குறை சொல்றார்” என்று கேட்கிறது. துணையாளர் மனைவியைப் பார்த்து, “அவர் சொன்னதில உங்களுக்கு விளங்கினத மட்டும் திருப்பிச் சொல்லுங்க, பதில் பிறகு சொல்லலாம்” என்கிறார். முதல் தடவை சரிவராது. இரண்டாம் தடவை “உங்களுக்கு அங்க ஒரு இடமில்லாத மாதிரி இருக்கு, அப்பிடியா?” என்கிறாள். “ஓம்” என்கிறார் அவர். மறுகா, மனைவி சொல்வதைக் கணவர் திருப்பிச் சொல்லும் முறை வரும்.

மத்தியஸ்த சபையும், முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றமும் செய்யும் வேலை வேறு. அங்கே இணக்கமோ தீர்ப்போ வரவேண்டும். இங்கே சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பதை அந்த இருவரும்தான் முடிவெடுப்பார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அடி உதை இருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைப்பது ஆபத்து. அவள் உள்ளே சொன்ன சொல்லுக்கு வீட்டில் அடி விழும். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. அதற்கென 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

இந்த மண்ணுக்குத் துணை தேவைப்பட்டது நேற்று இன்றல்ல. யுத்தத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் அம்மன் கோயில் சடங்கில் வாக்குக் கேட்டார்கள்; ஓதிப் பார்த்தவர்களும் உண்டு. அதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை, வாய்விட்டு அழ இடம் கொடுத்தது அதுதான். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரைக் கண்ட பிள்ளைகளுக்கு விளையாட்டையும் சித்திரத்தையும் கதையையும் துணையாக்கியது. 2004 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதற்குப் பிறகு ‘கவுன்சிலிங்’ என்ற சொல் முகாம் முகாமாகப் பரவியது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத சொற்கள் சில. ‘உளச்சிகிச்சை’ என்பது ஆழமான, நீண்ட நாள் பயிற்சி வேண்டிய சிகிச்சை முறைகளைக் குறிக்கும். மருந்து எழுதுபவர் வைத்தியர் மட்டுமே. காதில் குரல் கேட்கிறது, சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், உளவளத்துணையாளர் அவரை வைத்தியரிடம் ஆற்றுப்படுத்துவார். கேட்டதை வெளியே சொல்லாமல் காப்பது தொழிலின் கட்டாயம். சொந்தக்காரரும் அயலாரும் ஒன்றாகவே வாழும் ஊர்களில் அது இல்லாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்று வந்தால் மட்டும் அந்த இரகசியத்துக்கு விலக்கு உண்டு. அதையும் முதல் நாளே துணைநாடியிடம் சொல்லிவிட வேண்டும்.

கந்தோருக்குப் போகக் கூச்சமென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பெயர் வைக்கத் தெரியாத கவலையானாலும் பரவாயில்லை, “ஒராளோட கதைக்கணும்” என்று தொடங்கலாம்.