"சட்டை உடை" என்றால் எந்தச் சட்டை?

பெறாமகளுக்கு ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். சேருவதற்கு முன் கொடுத்த தமிழ்த் தாளில், பெண் ஊழியர்கள் "சேலை அல்லது சட்டை உடை" அணியலாம் என்று இருந்தது. "சித்தி, சட்டை எண்டா வீட்டிலை போடுற பூச்சட்டையும் சரியோ?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் சட்டை என்பது தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே துண்டாக இறங்கும் பெண்பிள்ளைகளின் உடுப்பு. ஆண்கள் போடுவது சேட்டு. தமிழ்நாட்டில் சட்டை என்றால் அந்தச் சேட்டுத்தான். ஆங்கிலத் தாளை வாங்கிப் பார்த்தேன்: ஷேர்ட் டிரெஸ். அதைச் "சட்டை உடை" ஆக்கினால் எங்கள் காதில் "உடுப்பு உடுப்பு" என்றுதான் விழும். இணையக் கடைகளிலும் இதே கூத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

உடுப்பு என்னவோ எளியதுதான். ஆண்களின் சேட்டை முழங்கால் வரை நீட்டியது போல இருக்கும்: கொலர், முன்பக்கம் தெறி (பொத்தான்) வரிசை, இடுப்பில் பட்டி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு நாடுகளில் வேலைக்குப் போன பெண்கள் சேட்டு மாதிரியான மேலுடுப்பைப் பாவாடையோடு போட்டார்கள். பிறகு இரண்டும் ஒன்றாயின. 1950களில் எங்கும் பரவியது. ஆங்கிலத்தில் ஷேர்ட், ஸ்கேர்ட் இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்பது ஒரு வேடிக்கை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மெய்ப்பையாடை" என்று உடனே ஒரு சொல் தந்தார். முல்லைப்பாட்டில் யவனர் போட்டிருந்த மேலுடுப்புக்கு மெய்ப்பை என்று பெயர். அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது பாசறையில் காவல் நின்ற முரட்டு ஆண்களின் உடுப்பு. கொலரும் தெறியும் அந்தச் சொல்லில் எங்கே இருக்கின்றன? அதோடு, கொரோனாக் காலத்துக்குப் பிறகு மெய்ப்பை என்றால் எனக்கு வேறொரு பைதான் ஞாபகத்துக்கு வருகிறது. "சேட்டு ஆங்கிலம், அதை விட்டுத்தள்ளு" என்றார். சரி, கால்சட்டைக்கு நாங்கள் சொல்லும் களிசான்? அது போர்த்துக்கேயச் சொல். போர்த்துக்கேயர் 1658 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட்டார்கள், களிசான் போகவில்லை. அந்த ஆசிரியரே அதைத்தான் போட்டுக்கொண்டு இருந்தார். சட்டை என்பதைச் சேட்டுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏன்? பாம்பு உரிப்பதும் சட்டைதான், அது இடுப்போடு நிற்கிறதா?

என் சொல் சேட்டுச்சட்டை. நான் உண்டாக்கியதல்ல. கொக்குவிலில் எங்களுக்குத் தைக்கும் அக்காவிடம் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். "ஓ, சேட்டுச்சட்டை" என்று சொல்லிவிட்டு அளவு நாடாவை எடுத்தா. அகராதி தேவைப்படவில்லை.

அலுவலகத்துக்குப் பொருந்துமா என்றால், பொருந்தும். முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், துணி கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும், கை முழங்கை வரையாவது வர வேண்டும். சேலைதான் மரியாதை என்று நினைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. 2022 இல் சில ஆசிரியைகள் சேலை கட்டாமல் பாடசாலைக்குப் போனதற்கு நாடே வாதாடியது.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருந்தது: "முறையான ஆடை". ஃபோர்மலுக்காம். அப்படியென்றால் மற்ற நாட்களில் நாங்கள் போடுவதெல்லாம் முறைகேடான ஆடையா? அலுவலக உடுப்பு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பவர்கள், இயந்திரமோ ஆளோ, எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதில்லை போல.

தையல் அக்கா நெஞ்சுப் பக்கம் தெறிகளை நெருக்கி வைத்தா, இடையில் வாய் பிளக்காமல் இருக்க. பிறகு பெறாமகளிடம் கேட்டா: "ஸ்கூட்டியிலையோ வேலைக்குப் போறனீர்?" ஓம் என்றதும் கீழ்ப்பக்கம் இரண்டு அங்குலம் கூட்டி அகலம் விட்டா. துண்டில் எழுதியது இவ்வளவுதான்: சேட்டுச்சட்டை 1, நீலம், செவ்வாய்.