கிரீன் பேப்பர் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் மனநலக் கொள்கை எப்படி உருவானது என்று தேடிப் படித்தால், 'கிரீன் பேப்பர்' என்ற சொல் சீக்கிரமே எதிரே வந்து நிற்கும். இதைப் 'பசுமை அறிக்கை' என்று எழுதாதீர்கள். படிப்பவர் காடு, மாசு, பருவநிலை என்று போய்விடுவார், இதற்கும் சுற்றுச்சூழலுக்கும் சம்பந்தமே கிடையாது.

பச்சை என்பது அட்டையின் நிறம், அவ்வளவுதான். 1967இல் பிரிட்டன் அரசு, தான் இன்னும் முடிவெடுக்காத ஒரு யோசனையைப் பச்சை அட்டை போட்டு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. அரசு என்ன செய்யப்போகிறது என்று தீர்மானித்துச் சொல்வது ஒயிட் பேப்பர். தமிழ்நாட்டு அரசியலில் 'வெள்ளை அறிக்கை' கேட்டால் கணக்கை மறைக்காமல் காட்டு என்று பொருள், அந்த அர்த்தத்தை இங்கே கொண்டுவந்தால் குழப்பம்தான்.

சரி, மனநலத்துக்கு வருவோம். 2005 ஜனவரியில் ஹெல்சிங்கியில் ஐரோப்பிய சுகாதார அமைச்சர்கள் கூடி மனநலப் பிரகடனம் ஒன்றை ஏற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மனநலத்துக்கென்றே ஒரு கிரீன் பேப்பர் வெளியிட்டது. ஒன்றியத்தில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள், சாலை விபத்தில் இறப்பவர்களைவிட இது அதிகம் என்று அதில் இருந்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள், நேராகச் சட்டம் போட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். போட முடியாது. மருத்துவச் சேவையை எப்படி நடத்துவது, பணத்தை எதற்கு ஒதுக்குவது என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் பொறுப்பு என்று ஒன்றியத்தின் ஒப்பந்தமே சொல்கிறது, இப்போது அது பிரிவு 168. இத்தாலி 1978லேயே மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடச் சட்டம் கொண்டுவந்த நாடு, கிழக்கு ஐரோப்பாவில் பல இடங்களில் அதற்கு வெகுகாலம் பிறகும் பெரிய மருத்துவமனைகளே நீடித்தன. இவர்களை ஒரே கொள்கைக்குள் கொண்டுவர, நோயோடு வாழ்பவர்கள், குடும்பத்தார், மருத்துவர்கள் எல்லோரிடமும் கேட்டுத் தொடங்குவதுதான் நியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதனால் என் தேர்வு 'கருத்துக்கேட்பு அறிக்கை'. கருத்துக்கேட்புக் கூட்டம் நமக்குப் பழகிய சொல், யாரும் அகராதியைப் புரட்ட வேண்டாம். 'கலந்தாய்வு அறிக்கை'யும் தவறில்லை, ஆனால் கலந்தாய்வு என்றதும் கல்லூரிச் சேர்க்கைதான் நினைவுக்கு வரும்.

அப்புறம், எல்லாக் கருத்துக்கேட்பு அறிக்கையும் ஒயிட் பேப்பராக வளர்வதில்லை. மனநலத்தில் 2008இல் பிரஸ்ஸல்ஸில் வந்தது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத ஓர் உடன்பாடு. 20 முக்கிய முயற்சிகள், 123 கோடி யூரோ என்று தொகையோடு ஆணையம் ஒரு திட்டத்தை முன்வைத்தது 2023 ஜூனில்தான்.