பிழை எப்போது கண்ணில் படும்?

ஆய்வகக் குடுவைகளை நீராவி அழுத்தத்தில் சூடாக்கிக் கிருமி நீக்கும் கலன் ஆட்டோகிளேவ். அதன் முள் 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) தொட்டுவிட்டது. உள்ளே 121 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டதா? உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறியிருந்தால்தான் வந்திருக்கும். பாதிக் காற்று தங்கிவிட்டால் அதே 15 பிஎஸ்ஐயில் சுமார் 112 டிகிரிதான் இருக்கும். முள் மொத்த அழுத்தத்தைத்தான் காட்டும். அதில் நீராவி எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

ஒன்பது டிகிரிதானே என்று விடமுடியாது. வெப்பம் தாங்கும் பாக்டீரியா ஸ்போர்கள் (கடினமான உறைக்குள் உறங்கும் வடிவம்) சாக, 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 10 மடங்கு நேரம் பிடிக்கும். அப்படியானால் 15 நிமிட வேலைக்கு 112 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேண்டும். டைமரோ 15 நிமிடத்தில் மணியடித்துவிடும். வெளியே வரும் குடுவை பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். பிழைத்த ஸ்போர்கள் முளைத்துத் தெரியச் சில நாளாகும்.

அதனால்தான் இங்கே செய்முறையில் கைவைக்கக் கூடாது. வால்விலிருந்து நீராவி தடையின்றிச் சீறும்வரை காற்றை வெளியே விடவேண்டும். வெப்பநிலை 121ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணவேண்டும். ஒரு லிட்டர் குடுவையின் நடுப்பகுதி மெதுவாகத்தான் சூடேறும் என்பதால் அதற்குக் கூடுதல் நேரம். கைப்பழக்கம் இதில் உதவாது. செய்த தவறு உடனே தெரிந்தால்தானே பழக்கம் திருந்தும்?

அதே மேசையில் ஒரு கரைசலின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) சரிசெய்வது நேரெதிர். ‘2 மில்லி அமிலம்’ என்று தாளில் இருந்தாலும் மீட்டரைப் பார்த்துத் துளித்துளியாக விடுவதே சரி. கொஞ்சம் கூடிவிட்டால் காரம் விட்டுத் திருப்பலாம்; உப்பு சற்று ஏறும், அவ்வளவுதான்.

மறதியால் வரும் பிழை வேறு கதை; அதற்குப் பட்டியல் வேண்டும். 1935 அக்டோபர் 30 அன்று போயிங் மாடல் 299 விமானம், தரையில் நிற்கும்போது அசையும் பாகங்கள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டைக் கழற்றாமலே மேலெழுந்து விழுந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்தவர்கள்தான். விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் பரவலானது இதற்குப் பிறகுதான்.

ஆனால் பட்டியலுக்கும் ஓர் அனுமானம் உண்டு. 2009 ஜனவரி 15 அன்று யுஎஸ் ஏர்வேஸ் 1549 விமானம் சுமார் 2,800 அடி உயரத்தில் பறவைகளில் மோதி, இரு எஞ்சின்களும் உந்துவிசை இழந்தன. கையிலிருந்த மூன்று பக்கப் பட்டியலோ 20,000 அடிக்கு மேலே, நிறைய நேரம் இருக்கும் நிலைக்காக எழுதப்பட்டது. இவர்களுக்கு இருந்தது ஏறக்குறைய மூன்றரை நிமிடம். கேப்டன் சல்லன்பர்கர் பட்டியலில் 11ஆவதாக இருந்த துணை மின் எஞ்சினைத் தொடக்கத்திலேயே இயக்கினார். விமானத்துக்கு மின்சாரம் அறுபடவில்லை. துணை விமானி ஸ்கைல்ஸ் பட்டியலைக் கைவிடாமல் எஞ்சினை மீண்டும் இயக்க முயன்றுகொண்டே இருந்தார். ஹட்சன் ஆற்றில் இறங்கிய 155 பேரும் பிழைத்தனர். நீரில் இறங்குமுன் அடிப்பகுதித் திறப்புகளை மூடும் பொத்தான் பட்டியலின் பின்பகுதியில் இருந்தது. அதுவரை போக நேரமில்லை. அழுத்தியிருந்தாலும் பயனிருந்திருக்காது: நீரில் மோதியதில் வால்பக்க அடித்தகடு கிழிந்து, தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்தது.