தேநீர் குதிரை மேல் வருகிறது

பெய்ஜிங்கில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, கேட்ட தேநீர் என்னாயிற்று என்று விசாரித்தால், பரிமாறுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் “மாஷாங்!” என்று குரல் கொடுப்பார். ‘இதோ, உடனே’ என்று பொருள். ‘மா’ என்றால் குதிரை. ‘ஷாங்’ என்றால் மேலே. குதிரை மேல் இருப்பதுதான் ‘உடனே’ ஆகிவிட்டது. நாம் ‘கையோடு முடித்துவிடு’ என்கிறோமே, அதில் கை கரைந்துபோய் அவசரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே கரைந்தது குதிரை.

சீனத்தில் குதிரையும் இரும்பும் வரும் சொற்கள் எக்கச்சக்கம். அகராதி வரிசையில் படித்தால் அலுப்புத்தட்டும். கிணறு வெட்டும்போது செம்மண், சுக்கான், பாறை என்று அடுக்கடுக்காக வருவதைப் போல, எந்தக் காலத்துக் கருவி எந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டது என்று தோண்டிப் பார்த்தால்தான் ருசி.

தோண்டுவதற்கு முன் ஒன்று. சீன மரபுத்தொடர்களில் பெரும்பாலானவை நான்கே அசை, ‘செங்யூ’ என்பார்கள். ஒரு முழுக் கதையை நான்கு அசைக்குள் திணிக்க, வேற்றுமை உருபு, காலம், சில நேரம் வினைச்சொல்லையே உதறிவிடுவார்கள். இரண்டும் இரண்டுமாகப் பிரித்துச் சொன்னால் நாக்கில் தாளம் நிற்கும். அந்தத் தாளம்தான் உப்பு. அதில் ஊறிய பழம்பொருள் கெடுவதே இல்லை.

அடிமட்ட அடுக்கில் சவாரியே கிடையாது. கன்பூசியஸின் சீடர்களில் ஒருவரான ட்சுகோங், யோசிக்காமல் பேசிவிட்ட ஒருவரைப் பார்த்து, ‘நான்கு குதிரை பூட்டிய தேரும் நாக்கை எட்டிப் பிடிக்காது’ என்றாராம். ‘ஸி மா நான் ஜுய்’ என்ற நான்கு அசையாக அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று நாம் களத்துமேட்டிலிருந்து சொல்வதை அவர்கள் தேர்த்தட்டிலிருந்து சொன்னார்கள். ஆனால் துரத்துவதற்கு ஏன் தேர்? தனிக்குதிரை வீரன் இன்னும் வேகமாகப் போவானே! ட்சுகோங் காலத்துச் சீனப் படையில் அப்படி ஒருவன் இல்லை. குதிரை என்றால் தேரை இழுப்பது. கி.மு. 307இல்தான் சாவ் நாட்டு மன்னர் வூலிங், வடக்கே புல்வெளி மக்களைப் பார்த்துத் தன் படைக்குக் கால்சட்டை மாட்டி, குதிரை மேலிருந்து அம்பு விடப் பழக்கினார். தரை புரளும் அங்கியோடு குதிரையில் காலைப் போட முடியாது. காட்டுமிராண்டி உடையா என்று பிரபுக்கள் முகம் சுளித்தார்கள், மன்னர் விடவில்லை.

அடுத்த அடுக்கில் சவாரி வந்துவிட்டது. ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங், ‘குதிரை மேலிருந்தே இந்த நாட்டைப் பிடித்தேன், எனக்கு எதற்குப் புத்தகம்?’ என்று சீற, லூ ஜியா என்ற அறிஞர் ‘குதிரை மேல் பிடிக்கலாம், குதிரை மேலிருந்தே ஆள முடியுமா?’ என்று திருப்பிக் கேட்டார். இருவரும் சொன்னது அதே ‘மாஷாங்’தான். அப்போது அதற்குள் நிஜக் குதிரை நின்றது.

சவாரி செய்வதற்கான வினைச்சொல் ‘ச்சி’. அதன் உள்ளர்த்தம் காலை இருபுறமும் போட்டு உட்காருவது. அதனால் சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ‘ச்சி’ போடலாம். பேருந்துக்குப் போட்டால் சிரிப்பார்கள், அதில் ‘உட்கார’ வேண்டும். மதில் மேல் பூனையைச் சீனர்கள் ‘மதிலைச் சவாரி செய்பவன்’ என்பார்கள். நாம் புலி வாலைப் பிடித்துக்கொண்டு தவிக்கும்போது அவர்கள் புலி மேலேயே ஏறி, இறங்க வழியில்லாமல் தவிக்கிறார்கள். இருக்கிற வேலையில் இருந்துகொண்டே நல்ல வேலைக்கு வலைவீசுவது ‘கழுதைச் சவாரியில் குதிரை தேடுவது’. எனக்கு மிகவும் பிடித்தது அலுவலகச் சொல் ஒன்று: ஒப்பந்தத் தாள்களை விசிறிபோல் விரித்து, எல்லாத் தாளின் விளிம்பிலும் படும்படி ஒரே முத்திரை குத்துவார்கள், நடுவில் ஒரு தாளை மாற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பெயர் ‘இடைவெளியைச் சவாரி செய்யும் முத்திரை’.

மூன்றாம் அடுக்கில் இரும்பு வந்து குதிரை மேல் ஏறுகிறது. சாங்ஷாவில் கி.பி. 302ஆம் ஆண்டுக் கல்லறைப் பொம்மைகளில் ஒற்றை அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம், இருக்கிறது, ஏறுவதற்கு மட்டும். லியாவ்னிங்கில் 415இல் இறந்த ஃபெங் சூஃபுவின் கல்லறையில் இரட்டை அங்கவடி கிடைத்தது: முசுக்கொட்டை மரச் சட்டம், மேலே பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு. இரு காலையும் ஊன்றிக்கொண்டால், கவசத்தின் கனத்தோடும் ஈட்டியோடும் மோத முடியும். குதிரைக்கும் கவசம் போட்டார்கள். ‘தியே மா’, இரும்புக் குதிரை, பிறந்தது.

‘ஜின் கெ தியே மா’ என்ற புகழ்பெற்ற தொடரைப் பாருங்கள். பொன் கொக்கிக்கோடரி, இரும்புக் குதிரை. வினை இல்லை, போர்க்களம் மட்டும் இருக்கிறது. இங்கே ‘ஜின்’ பொன் அல்ல, உலோகம் என்ற பழைய பொருள். ‘கெ’ என்ற ஆயுதமோ தேர்ப்படைக் காலத்து வெண்கலச் சரக்கு. இதைத் தன் கவிதையில் 1205இல் வைத்த சின் ச்சிஜியின் நாளில் அந்த ஆயுதம் களத்தைவிட்டுப் போய் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தேர்க்காலமும் கவசக்காலமும் நான்கு அசைக்குள் தோளோடு தோள் நிற்கின்றன. எழுதியவர் நிஜமாகவே குதிரைவீரர். இருபதுகளில் ஐம்பது பேரோடு எதிரி முகாமுக்குள் பாய்ந்து துரோகி ஒருவனைப் பிடித்து வந்தவர். பிறகு சோங் அரசவை அவரைப் போர்முனைக்கு விடவே இல்லை.

அவருடைய மூத்த சமகாலத்தவர் லூ யூ, 1192இல் கிராமத்து வீட்டில் புயல் இரவில் படுத்தபடி காற்றையும் மழையையும் கேட்டு, ‘இரும்புக் குதிரையும் உறைந்த ஆறும் கனவில் வந்தன’ என்று எழுதினார். கோயில் இறவாரத்தில் தொங்கிக் காற்றில் கிணுகிணுக்கும் உலோகத் துண்டுகளுக்கும் சீனத்தில் ‘இரும்புக் குதிரை’ என்றே பெயர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வரியைக் காற்றுச் சத்தம் இல்லாமல் என்னால் படிக்க முடிவதில்லை.

இரும்பின் சொந்தக் கதை தனி. பிள்ளை உருப்படவில்லையே என்று பெற்றோர் புழுங்குவதற்கு ‘இந்த இரும்பு எஃகாகவில்லையே என்ற ஆத்திரம்’ என்று ஒரு தொடர் உண்டு. இது உலைக்களத்துப் புழுக்கம். தூய இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும்; 4 சதவீதம் அளவுக்குக் கரி கலந்துவிட்டால் 1150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே சீன உலைகள் இந்த வார்ப்பிரும்பைத் தண்ணீர்போல் ஊற்றின. ஏர்க்கொழு வார்க்கலாம், வாள் செய்தால் ஒடியும். கரியைக் குறைத்தால்தான் எஃகு. நம் ஊரில் மூசை என்னும் உருக்குக் குடுவைகளில் இரும்போடு கரிப்பொருளை அடைத்துக் கரியை ஏற்றி உருக்கு எடுத்தார்கள். அவர்களுக்குக் கரியை இறக்குவது பாடு. உருகிய இரும்பைக் காற்றுப்படக் கிளறிக் கரியை எரித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘சௌ காங்’. சௌமீன் நூடுல்ஸில் வரும் அதே ‘சௌ’தான், வறுத்தல். பின் மடித்து மடித்து அடிப்பார்கள். ஷான்தோங்கில் கிடைத்த, கி.பி. 112ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வாளில் ‘முப்பது முறை புடமிட்டது’ என்று பொன்னெழுத்திலேயே பதித்திருக்கிறார்கள். அவ்வளவு அடித்தும் தேறாத இரும்பைப் பார்த்த கொல்லனின் முகம் அந்தத் தொடருக்குள் இருக்கிறது.

மேலடுக்கில் இரும்பு கெட்டியாக நிற்கிறது. ரயில்பாதை ‘இரும்பு வழி’, மெட்ரோ ‘நில இரும்பு’, பறிபோகாத அரசு வேலை ‘இரும்புச் சோற்றுக்கிண்ணம்’, கஞ்சன் ‘இரும்புச் சேவல்’: ஓர் இறகுகூடப் பிடுங்க முடியாது. ‘இரும்புக் குதிரை’ தைவானில் சைக்கிளாகிவிட்டது, ஹாங்காங்கில் கூட்டத்தை மறிக்கும் தடுப்புக் கம்பியாகிவிட்டது.

குதிரை போய்விட்டதா என்றால், 2014 குதிரை ஆண்டில் அது திரும்பி வந்தது. பொம்மைக் குதிரை முதுகில் பணக்கட்டை வைத்துப் படமெடுத்து எல்லாரும் பகிர்ந்தார்கள்: ‘மாஷாங் பணம் வரும்’. சிலர் இரண்டு யானைப் பொம்மைகளை ஏற்றினார்கள். காதல் துணைக்கான சொல்லும் ‘ஜோடி யானை’ என்பதும் சீனத்தில் ஒரே ஒலி.